நிறுவன விற்பனை வேலை: எந்த நேர்காணலைக் கடைசிவரை தொடர்வது?

நிறுவன விற்பனையில் இருக்கும் ஒருவர் வேலை மாற முடிவு செய்துவிட்டால், ஒரே மாதத்தில் மூன்று நான்கு இடங்களிலிருந்து அழைப்பு வந்துவிடுவது உண்டு. கையில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கும், அந்த மாத டார்கெட் பாதிகூட முடிந்திருக்காது, இதற்கிடையில் எல்லா இடங்களுக்கும் ஒழுங்காகத் தயாராகிச் செல்ல மாலை நேரங்கள் போதாது. எதைக் கடைசிச் சுற்றுவரை தொடர்வது, எதிலிருந்து நடுவிலேயே விலகிக்கொள்வது என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலோர் சொல்லப்படும் சம்பளத் தொகையையும் நிறுவனத்தின் பெயரையும் வைத்து இதை முடிவு செய்கிறார்கள். முதல் இரண்டு முறை நானும் அப்படித்தான் செய்தேன், இரண்டு முறையும் ஒரு வருடத்துக்குள் மறுபடி வேலை தேட வேண்டியதாயிற்று. மூன்றாவது முறை மூன்று நிறுவனங்கள் ஒரே சமயத்தில் அழைத்தபோது, அவர்கள் என்னை நேர்காணல் செய்த விதத்தையே ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தேன். இந்த வேலையைப் பொறுத்தவரை அதைவிட நம்பத்தக்க அளவுகோல் வேறு கிடையாது என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

ஒரு விற்பனைப் பணி நல்லதா என்பதைத் தீர்மானிப்பவை எந்த டெரிட்டரி (விற்பதற்கு நமக்கு ஒதுக்கப்படும் பகுதி) கிடைக்கிறது, டார்கெட் எவ்வளவு, அதை யார் எப்படி நிர்ணயிக்கிறார்கள், நமக்கு மேலே இருக்கும் மேலாளர் எப்படிப்பட்டவர் என்பவைதாம். இவற்றில் எதுவும் வேலை விளம்பரத்தில் இருக்காது. சேர்ந்த பிறகு மெல்ல மெல்லத் தெரியவரும் இந்த விஷயங்களில் கொஞ்சமாவது முன்கூட்டியே கண்ணில் படும் இடம் நேர்காணல்தான். அங்கே நிறுவனம் ஒரு நாற்காலியை நமக்கு விற்கிறது. நாம் கேட்கும் கேள்விக்கு அது நேராகப் பதில் சொல்கிறதா மழுப்புகிறதா, சொன்ன நாளில் திரும்ப அழைக்கிறதா என்று கவனித்தால், தன் வாடிக்கையாளரிடம் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதும், நாளை அந்த வாடிக்கையாளர் முன்னால் நம்மை எந்த நிலையில் நிறுத்தும் என்பதும் ஓரளவுக்குப் புரிந்துவிடும்.

நிறுவன விற்பனை என்று நான் சொல்வது, ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு விற்பதை. மென்பொருள், இயந்திரம், காப்பீடு, தளவாடச் சேவை என்று எதுவாகவும் இருக்கலாம். வாங்கும் தரப்பில் அதைப் பயன்படுத்தப் போகிறவர் ஒருவர், தொழில்நுட்பரீதியாகச் சரிபார்ப்பவர் ஒருவர், கொள்முதல் துறையைச் சேர்ந்தவர் ஒருவர், நிதியை ஒதுக்குபவர் ஒருவர் என்று பல பேர் இருப்பார்கள். ஒரு விற்பனை முடிய மாதக்கணக்கில் ஆகும். இதற்கு ஆள் எடுக்கும் முறைகள் நடைமுறையில் மூன்று வகைக்குள் அடங்கிவிடுகின்றன: ஒன்றிரண்டு உரையாடல்களில் முடிவது, ரோல் பிளே (எதிரில் இருப்பவர் வாங்குபவராக நடிக்க, அவரிடம் விற்றுக் காட்டுவது) போன்ற செய்முறைச் சோதனையோடு மூன்று நான்கு சுற்றுகளில் முடிவது, ஆறேழு சுற்றுகளோடும் வீட்டில் தயாரித்துக் கொண்டுவரும் திட்டத்தோடும் இழுத்துக்கொண்டு போவது.

முதல் வகையின் அனுபவம் தொடக்கத்தில் மிகவும் இனிமையானது. விண்ணப்பித்த மறுநாளே அழைப்பு வரும். எதிரில் இருப்பவர் நம் பயோடேட்டாவை அப்போதுதான் முதன்முறையாகப் புரட்டுவார், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பார், அழுத்தத்தைத் தாங்குவீர்களா என்று கேட்பார், பதினைந்தாவது நிமிடத்தில் எப்போது சேர முடியும் என்ற கேள்வி வந்துவிடும். டார்கெட் பற்றி நாம் கேட்டால், உழைப்புக்கு ஏற்ற வருமானம், இங்கே எல்லையே கிடையாது என்ற பதில் கிடைக்கும். வேலை தேடிக் களைத்துப்போன ஒருவருக்கு, தன்னை உடனே வேண்டும் என்று சொல்பவர் மீது நன்றியுணர்வு வருவது இயல்பு. அந்த நன்றியுணர்விலேயே கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

இந்த வகையில்தான் பேனா சோதனையும் வருகிறது. மேசையில் இருக்கும் பேனாவை எடுத்து நீட்டி, இதை எனக்கு விற்றுக் காட்டுங்கள் என்பார்கள். பதற்றத்தில் பெரும்பாலோர் உடனே மையின் நிறம், பிடியின் வசதி, விலையின் நியாயம் என்று அடுக்கத் தொடங்குவார்கள். ஒழுங்காக நடத்தப்பட்டால் அந்தச் சோதனை எதிர்பார்ப்பது வேறொன்றை: நீங்கள் கடைசியாக எப்போது பேனாவால் எழுதினீர்கள், எதற்காக எழுதினீர்கள், அப்போது என்ன சிரமம் இருந்தது என்று எதிரில் இருப்பவரைப் பேசவைப்பதை. ஆனால் கேள்வி கேட்கும் விண்ணப்பதாரரை இடைமறித்து, நீங்கள் விற்கவே இல்லையே என்று சொல்லும் மேலாளர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். அப்படிச் சொல்பவரிடம் வேலை செய்தால், வாடிக்கையாளரிடம் மூச்சுவிடாமல் பேசுவதையே அவர் விற்பனை என்று எதிர்பார்ப்பார்.

மனத்தில் பட்டதைக் கேட்டு ஆள் எடுக்கும் முறை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணலும், போகிற போக்கில் பேசி முடிவெடுக்கும் நேர்காணலும், பின்னாளில் அந்த ஆள் வேலையில் எப்படிச் செயல்படுவார் என்பதை எந்த அளவுக்குக் கணிக்கின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1 என்ற அந்த அளவில், 1998-இல் உளவியல் ஆய்வாளர்கள் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் முதலாவதற்கு 0.51, இரண்டாவதற்கு 0.38 என்று மதிப்பிட்டனர். 2022-இல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்கள் மூவரும் பழைய கணக்கில் இருந்த புள்ளியியல் திருத்தங்கள் மிகையானவை என்று காட்டி, அவற்றை 0.42 என்றும் 0.19 என்றும் மாற்றினார்கள். இரண்டுமே இறங்கியிருக்கின்றன, ஆனால் போகிற போக்கில் பேசுவது ஏறக்குறைய பாதியாகச் சரிந்துவிட்டது. விண்ணப்பதாரருக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி இரண்டு. அப்படிப்பட்ட நேர்காணலில் தேர்வாகவில்லை என்றால் அதைத் தன் திறமைக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தேர்வாகிவிட்டாலும், தனக்கு அந்த வேலை பொருந்தும் என்று அவர்கள் கண்டறிந்துவிட்டதாக நம்பிவிடவும் கூடாது.

விரைவாக முடிவது எல்லாமே மோசம் என்று சொல்லிவிட முடியாது. பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் உரிமையாளரே எதிரில் உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரம் தன் வாடிக்கையாளர்களைப் பற்றிப் பேசி, அங்கேயே முடிவு சொல்வதும் இதே வகைதான். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு கேள்வி போதும்: இந்த இடம் ஏன் காலியானது, இதற்கு முன் இருந்தவர் எங்கே போனார்? புதிதாக உருவாக்கிய இடம், அல்லது அவர் இங்கேயே மேலே போய்விட்டார் என்று தெளிவாகச் சொன்னால் தொடரலாம். அவர் சரிப்பட்டுவரவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் பேச்சை மாற்றினால், ஆட்கள் நிற்காத இடம் அது என்று ஊகிக்கலாம். அப்படிப்பட்ட இடங்களில் ஆள் எடுப்பது வேகமாக நடப்பதற்குக் காரணமே, ஆள் போவதும் அதே வேகத்தில் நடப்பதுதான்.

இரண்டாம் வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதலில் எச்.ஆர். பிரிவிலிருந்து அரை மணி நேர அழைப்பு, பிறகு நேரடி மேலாளருடன் ஒரு மணி நேரம், அதற்குப் பிறகு ரோல் பிளே, கடைசியாக மேல்நிலை அதிகாரி ஒருவருடன் சிறு சந்திப்பு என்பது இதன் வழக்கமான வரிசை. மேலாளருடனான சுற்றில் கேள்விகள் எல்லாம் நடந்துமுடிந்த விஷயங்களைப் பற்றியே இருக்கும். கைக்கு வந்து நழுவிய ஒரு விற்பனையைச் சொல்லுங்கள், அதில் கடைசியாக முடிவெடுத்தவர் யார், அவரை நீங்கள் எப்போது முதன்முதலில் சந்தித்தீர்கள் என்று தோண்டிக்கொண்டே போவார்கள். எண்களைக் கேட்பார்கள்: போன வருட டார்கெட் எவ்வளவு, அதில் எத்தனை சதவிகிதம் முடித்தீர்கள், உங்கள் குழுவில் எத்தனையாவது இடம். சேவை செய்தோம், உறவை வளர்த்தோம் என்ற பொதுச்சொற்கள் அங்கே எடுபடாது. தயாராகாமல் போனவருக்கு இந்தச் சுற்று கடுமையாகத்தான் இருக்கும், ஆனால் வெளியே வரும்போது அவர் தன் வேலையைப் பற்றியே புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டு வருவார்.

ரோல் பிளே சுற்றில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மேலாளர் ஒரு கிடங்கு நிறுவனத்தின் கொள்முதல் தலைவராக நடித்தார். ஒரு பக்கக் குறிப்பு முன்தினமே மின்னஞ்சலில் வந்திருந்தது, இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார். வணக்கம் சொல்லி முடித்த கையோடு நான் எங்கள் சேவையை விளக்கத் தொடங்கினேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் நீங்கள் என்றும் மறுபக்கம் நான் என்றும் எழுதினார். நான் பேசிக்கொண்டிருந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் என் பக்கத்தில் ஒரு கோடு விழுந்தது. ஏழாவது நிமிடம் வரை அவர் பக்கம் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. நடிப்பை நிறுத்திவிட்டு அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். என் கிடங்கில் என்ன பிரச்சினை என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை, ஐந்து நிமிடம் வெளியே காற்றாட நின்றுவிட்டு வாருங்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்றார்.

திரும்பி வந்து, சரக்கு தாமதமாகும் நாட்களில் உங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். அவர் நான்கு நிமிடம் பேசினார். அதனால் யாருக்கெல்லாம் சிக்கல் வருகிறது என்று கேட்டேன், நிதித் துறைக்கு அபராதக் கணக்கு போகிறது என்றார். விலையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அடுத்த சந்திப்பில் நிதித் துறையைச் சேர்ந்தவரையும் அழைக்கலாமா என்று மட்டும் கேட்டு முடித்தேன். அவர் சோதித்தது என் பேச்சுத் திறமையை அல்ல, சொன்னதைக் காதில் வாங்கி உடனே மாற்றிக்கொள்ள முடிகிறதா என்பதை. முதல் முயற்சியில் தடுமாறி இரண்டாவதில் திருத்திக்கொள்பவரை, முதல் முயற்சியிலேயே சரளமாகப் பேசி இரண்டாவதிலும் அதையே திருப்பிச் சொல்பவரைவிட மேலாகக் கருதும் மேலாளர்கள் பலர் உண்டு. அதே இருபது நிமிடத்தில் நானும் அவரைச் சோதித்துவிட்டேன். தவறை முகம் சுளிக்காமல் காட்டி, திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுக்கும் மேலாளர் அவர் என்பது ஆஃபர் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் கோடு போட்டதில் ஒரு ஆராய்ச்சிப் பின்னணியும் உண்டு. விற்பனை ஆய்வாளர் நீல் ராக்கமும் அவருடைய ஹத்வெயிட் நிறுவனத்தினரும் 12 ஆண்டுகளில் 35,000 விற்பனைச் சந்திப்புகளை உடனிருந்து கவனித்து, 1988-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரிய தொகை விற்பனைகளில் வெற்றி பெறுபவர்கள் வாங்குபவரின் பிரச்சினையையும் அதன் விளைவுகளையும் கேட்டறிவதில் அதிக நேரம் செலவிடுகிறார்கள் என்பதும், சிறு விற்பனையில் உதவும், வாங்குபவரை அங்கேயே சம்மதிக்கவைத்து முடித்துவைக்கும் உத்திகள் பெரிய விற்பனையில் பின்னடைவையே தருகின்றன என்பதும் அவர்கள் கண்டவை. ரோல் பிளேக்குத் தயாராகிறவர் பொருளின் சிறப்புகளை மனப்பாடம் செய்வதைவிட, வரிசையாகக் கேட்க ஏழெட்டுக் கேள்விகளை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் வகை நீண்ட பயணம். எச்.ஆர்., மேலாளர், மேலாளரின் மேலாளர், பிற துறையினர், உளவியல் தேர்வு, குழுவின் முன் பிரசன்டேஷன், இயக்குநர் என்று ஆறேழு சுற்றுகள் போகும், இரண்டு மாதம்கூட ஆகலாம். இதன் மையம் முதல் 30, 60, 90 நாட்களில் என்ன செய்வீர்கள் என்று எழுதிக் கொண்டுவரும் திட்டம். பெரிய நிறுவனங்களின் கணக்குகளை வருடக்கணக்கில் கையாளும் பொறுப்புக்கு இது நியாயமானதே. விற்பனையே ஒரு வருடம் நீளும் இடத்தில் ஆள் எடுக்க இரண்டு மாதம் ஆவதைக் குறை சொல்ல மாட்டேன். தவிர, நாளை நமக்குத் துணையாக இருக்க வேண்டிய தொழில்நுட்பக் குழுவையும், ஒப்பந்தத்துக்குப் பிறகு பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் குழுவையும் சேர்வதற்கு முன்பே சந்திக்கும் வாய்ப்பு இந்த வகையில் மட்டும்தான் கிடைக்கிறது.

ஆனால் இதே வகையில்தான் விண்ணப்பதாரரின் உழைப்பு அதிகமாக வீணாகிறது. முன்பொருமுறை ஒரு நிறுவனத்துக்காக மூன்று வார இறுதிகளைச் செலவழித்துப் பதினெட்டு ஸ்லைடுகளில் ஒரு திட்டம் தயாரித்தேன். எந்தத் துறை நிறுவனங்களை முதலில் அணுகலாம், ஒவ்வொன்றிலும் யாரிடம் பேசத் தொடங்கலாம், எந்தப் போட்டியாளரின் ஒப்பந்தம் எப்போது முடியலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. ஐந்து பேர் முன்னால் விளக்கினேன், நிறைய குறிப்பெடுத்தார்கள், கோப்பை அனுப்பிவைக்கச் சொன்னார்கள், அனுப்பினேன். அதன் பிறகு மூன்று வாரம் எந்தப் பதிலும் இல்லை. நானே இரண்டு முறை கேட்ட பிறகு, இந்தப் பணியிடம் தற்போது நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி வந்தது. நிறுத்திவைப்பது அவர்கள் உரிமை. அந்தச் செய்தியை நான் கேட்காமலே சொல்லியிருக்க வேண்டியது அவர்கள் கடமை. அந்த மூன்று வார இறுதிகளும் என் குடும்பத்துக்கு உரியவை என்பதால், இன்றும் எனக்கு அது வருத்தம்தான்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் எல்லைகளைச் சொல்லிவிடுகிறேன். திட்டம் தயாரிக்கச் சொன்னால், இறுதிச் சுற்றில் எத்தனை பேர் இருக்கிறோம், எதை வைத்து மதிப்பிடுவீர்கள், முடிவு எந்தத் தேதிக்குள் தெரியும் என்ற மூன்றையும் முதலில் கேட்கிறேன். இவற்றுக்குப் பதில் இல்லாத இடத்தில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் உழைப்பதில்லை. என் அணுகுமுறையை ஒரே ஒரு மாதிரி வாடிக்கையாளரை வைத்து விளக்குகிறேனே தவிர, முழுப் பட்டியலைக் கொடுப்பதில்லை. தற்போதைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயர்களையோ விலை விவரங்களையோ யார் கேட்டாலும் சொல்வதில்லை. அது ஒப்பந்த மீறல் என்பது ஒருபுறம் இருக்கட்டும், அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் நிறுவனம் நாளை நாம் வெளியேறும்போது நம்மையும் அதே சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

உளவியல் தேர்வையும் குழு விவாதத்தையும் பற்றி ஒரு வார்த்தை. கலகலப்பாகப் பேசுபவர்தான் விற்பனைக்கு ஏற்றவர் என்று நம்பி, அமைதியான சுபாவம் கொண்ட பலர் இந்தச் சுற்றுகளில் தாமாகவே பின்வாங்கிவிடுகிறார்கள். தொலைபேசி வழியே விற்கும் 340 பேரை வைத்து உளவியலாளர் ஆடம் கிரான்ட் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அதிக வருவாய் ஈட்டியவர்கள் மிகவும் கலகலப்பானவர்களும் அல்லர், மிகவும் ஒதுங்கியவர்களும் அல்லர். இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஆகவே இல்லாத குணத்தை அங்கே நடித்துக் காட்ட வேண்டியதில்லை.

இந்த மூன்றையும் தவிர, தெரிந்தவர் பரிந்துரையில் உள்ளே போகும் வழியும் உண்டு. கதவு சுலபமாகத் திறக்கும், ஆனால் பரிந்துரைத்தவர் மனம் நோகுமே என்று டார்கெட், இன்சென்டிவ் பற்றிய கேள்விகள் தொண்டையிலேயே நின்றுவிடும். பரிந்துரைத்தவரிடமே அந்தக் கேள்விகளை முதலில் கேட்டுவிடுவதுதான் இதற்கு வழி.

இனி பணக் கணக்கு. மூன்று வகை நேர்காணல்களும் உண்மையில் பிரிந்து நிற்கும் இடம் இதுதான். விற்பனைப் பணியில் சொல்லப்படும் வருடத் தொகை, டார்கெட்டை முழுமையாக முடித்தால் கிடைப்பது. அதில் ஒரு பங்கு நிலையான சம்பளம், மறுபங்கு இன்சென்டிவ். முதல் நிறுவனம் 100 அலகு தருவதாகச் சொல்கிறது, அதில் பாதி நிலையானது, பாதி இன்சென்டிவ் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது 85 அலகுதான் சொல்கிறது, ஆனால் எழுபது சதவிகிதம் நிலையானது. இரண்டிலும் டார்கெட்டில் 70 சதவிகிதத்தைத் தொடாவிட்டால் இன்சென்டிவே கிடையாது என்ற நிபந்தனை இருக்கிறது. ஒரு வருடம் சந்தை மந்தமாகி 60 சதவிகிதத்தோடு நின்றுவிட்டால், முதல் இடத்தில் கையில் வருவது 50, இரண்டாவதில் 59.5. முழுமையாக முடித்தால் முதல் இடம் 15 அலகு கூடுதலாகத் தருகிறது. ஆகவே எந்த ஆஃபர் பெரியது என்ற கேள்விக்கு, அங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் டார்கெட்டை முடிக்கிறார்கள் என்று தெரியாமல் பதிலே சொல்ல முடியாது.

இந்த ஒரே கேள்வியை, வகைக்கு ஒன்றாக என்னை அழைத்திருந்த அந்த மூன்று நிறுவனங்களிலும் கேட்டேன்: போன வருடம் உங்கள் குழுவில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் டார்கெட்டை முடித்தார்கள்? முதல் இடத்தில், நல்ல ஆள் யாராக இருந்தாலும் முடிப்பார்கள் என்ற பதில் வந்தது. மூன்றாவது இடத்தில், அவையெல்லாம் உள் விவரங்கள், சேர்ந்த பிறகு தெரிவிக்கப்படும் என்றார்கள். ரோல் பிளே நடத்திய அந்த மேலாளர் மடிக்கணினியைத் திறந்து, பெயர்களை மறைத்துவிட்டுப் பட்டியலைக் காட்டினார். எட்டுப் பேரில் ஐந்து பேர் முடித்திருந்தார்கள், இருவர் பக்கத்தில் வந்திருந்தார்கள், ஒருவர் பாதியைக்கூடத் தொடவில்லை. அந்த ஒருவரைப் பற்றியும், அவருக்குக் கொடுத்த டெரிட்டரி சரியில்லை, அது எங்கள் தவறு என்று மேலாளரே சொன்னார்.

இதோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை இன்னும் சில உண்டு. புதிதாகச் சேர்பவருக்கு முழு டார்கெட் எத்தனையாவது மாதத்திலிருந்து தொடங்குகிறது என்று கேட்க வேண்டும். அவர்களுடைய ஒரு விற்பனை முடியச் சராசரியாக ஒன்பது மாதம் ஆகுமானால், மூன்றாவது மாதத்திலேயே முழு டார்கெட் என்பது நடக்காத கணக்கு. வாடிக்கையாளர் இடையில் விலகினாலோ பணம் தராவிட்டாலோ கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிக்கும் ஷரத்து இருக்கிறதா, எத்தனை மாதம் வரை பிடிப்பார்கள் என்று கேட்க வேண்டும். தொடக்க மாதங்களில் தரும் தொகை உத்தரவாதமா, பின்னால் கமிஷனில் கழித்துக்கொள்ளும் முன்பணமா என்பதும் தெரிய வேண்டும், இரண்டுக்கும் பேச்சில் ஒரே பெயரைச் சொல்வார்கள். மென்பொருள் விற்பனையில் ஒருவரின் டார்கெட், அவருக்குச் சொல்லப்படும் மொத்த வருட வருமானத்தைப் போல நான்கிலிருந்து ஆறு மடங்கு வரை இருப்பது பரவலான வழக்கம். பத்து மடங்கு என்றால் ஏன் என்று விளக்கம் கேட்பதில் தவறே இல்லை.

அப்படியானால் யார் எதைத் தேர்ந்தெடுப்பது? விற்பனையில் முதல் வேலை தேடுபவர், அல்லது நுகர்வோர் விற்பனையிலிருந்து நிறுவன விற்பனைக்கு மாறுபவர், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் இரண்டாம் வகையையே கடைசிவரை தொடர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் இரண்டு வருடங்களில் பழகும் பழக்கம்தான் பின்னால் கூடவே வருகிறது, கற்றுக்கொடுக்கும் மேலாளரின் மதிப்பு அந்தச் சம்பள வித்தியாசத்தைவிடப் பெரியது. பத்து வருட அனுபவமும் ஒரு துறையில் நல்ல பெயரும் உள்ளவருக்கு, உரிமையாளரே நேரில் பேசும் சிறு நிறுவனம் பொருந்தலாம். டெரிட்டரியைப் பேசி வாங்கும் பலம் அவருக்கு இருக்கிறது, நீண்ட சுற்றுகள் அவருக்குத் தேவையில்லை. கையில் வேலை இல்லாமல் வீட்டுச் செலவு நெருக்கும்போது முதல் வகையை ஏற்றுக்கொள்பவரை யாரும் குறை சொல்லக் கூடாது. நிலையான சம்பளம் மட்டுமே வந்தாலும் குடும்பம் நடக்குமா என்று பார்த்துக்கொண்டு, சொன்னவை அனைத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு சேர்ந்தால் போதும். மூன்றாம் வகைக்கு, பொறுப்பு உண்மையிலேயே பெரிதாக இருந்து, ஒவ்வொரு சுற்றும் யார், எதற்காக என்று முன்கூட்டியே சொல்லப்பட்டால் மட்டும் நேரம் கொடுக்கலாம். நான்காவது சுற்றில் புதிதாக ஒருவர் வந்து மறுபடியும் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று தொடங்கினால், அவர்களுக்குள் யாரும் யாரோடும் பேசிக்கொள்வதில்லை என்று அர்த்தம். அங்கே விற்பனைக்கு உள் ஒப்புதல் வாங்குவதும் அப்படித்தான் இருக்கும்.

என் விஷயத்தில், முடிவெடுப்பதற்கு முன் இரண்டாவது நிறுவனத்திடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். டார்கெட்டை முடித்தவரோடு பேச எல்லாரும் ஏற்பாடு செய்துகொடுப்பார்கள், முடிக்காதவர் ஒருவரோடு பேச முடியுமா என்று கேட்டேன். மேலாளர் சற்று யோசித்துவிட்டு, அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அன்று மாலையே எண் வந்தது. அந்தப் பணியாளர் நாற்பது நிமிடம் பேசினார். மேலாளர் நல்லவர், ஆனால் வருடத்தின் நடுவில் டார்கெட்டை ஒருமுறை ஏற்றினார்கள், அப்போது யாரும் எதுவும் கேட்க முடியவில்லை என்றார். மறுநாள் காலை நான் மேலாளரை அழைத்து, எனக்கு நிர்ணயிக்கும் டார்கெட் அந்த நிதியாண்டு முடியும்வரை மாறாது என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்து, அந்த வரி சேர்த்த ஆஃபர் கடிதம் வந்தது. அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான், மற்ற இரண்டு நிறுவனங்களுக்கும் நன்றி தெரிவித்து, விலகிக்கொள்கிறேன் என்று எழுதினேன்.